ரோலர் சக்கரத்தடியில் ஓர் எரிமலை

நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் சாலை போடும் கூலியாக இருந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தோட்டம், துறைமுகம், மரவாடி என்று அலைந்தேனே தவிர எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. அப்போது படுக்கை, மண்வெட்டிகள் வைக்கும் கொட்டகையில். ஒருவேளைச் சாப்பாடு நிச்சயம்.

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டத்துக்குள் சாலை முடிந்தாக வேண்டும். வழக்கமான கல் தீர்ந்துபோனதால் சிகாமட் பக்கமிருந்து ஒரு லோரி கல் வந்தது. கன்னங்கரிய கல், அதற்குள் அங்கங்கே பட்டாணி அளவில் வெள்ளை உருண்டைகள். உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் யாரோ பட்டை தீட்டியது போலிருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரோலர் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவர் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை எங்களுக்கு ஓய்வு. மர நிழலில் உட்கார்ந்து உருண்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் போன ஒரு தமிழ்ப் பெண் சட்டென்று இறங்கினார். பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் ஆசிரியை.

“அண்ணே, அது எங்க கெடச்சுது?”

“இதா? இந்த ரோட்டுலதான். வேணும்னா எடுத்துக்குங்க டீச்சர்.”

வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எரிமலைக் குழம்பு ஆறும்போது உண்டாகும் லியூசைட்டாக இருக்கலாம், கெடாமல் கிடைப்பது அபூர்வம் என்றார். இதே வடிவத்தில் சாதாரணமான இன்னொன்றும் உண்டாம். அது நெருப்பில் உருகிக் கண்ணாடி போலாகிவிடும், இது உருகாது.

எரிமலையா! என் சட்டைப்பையிலா! எனக்குப் பசி மறந்தது. பக்கத்துச் சந்தில் நகை செய்யும் பத்தர் வீட்டுக்கு அவரை அழைத்துக்கொண்டு ஓடினேன். பத்தர் உருண்டையை உடைத்து, ஒரு சில்லை இடுக்கியில் பிடித்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை அதன்மேல் ஊதினார். சில்லு செக்கச் சிவந்தது. பத்தர் ஊத ஊத, நாங்கள் இருவரும் தலை முட்டக் குனிந்து பார்த்தோம்.

“இன்னும் ஊதுங்க, இன்னும்!” என்றார் டீச்சர்.

பத்தர் குழலை வாயிலிருந்து எடுத்தார். “இனிமே என் கன்னந்தாம்மா உருகும். இது உருகாது.”

சில்லின் ஓரம் முன்பிருந்த கூர்மையோடு அப்படியே இருந்தது. டீச்சர் கைதட்டிக் குதித்தார். அடுத்த நொடியே முகம் மாறியது. சில்லு போதாதாம். கருங்கல்லோடு ஒட்டியபடி முழு உருண்டை வேண்டும்; அது எதில் பிறந்தது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

திரும்பி ஓடினோம். வந்த கல்லெல்லாம் உடைத்துச் சாலையில் பரப்பியாகிவிட்டது. ரோலர் வந்தால் மிச்சமும் தூள். இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். எந்தக் கல்லைப் புரட்டினாலும் உருண்டை பாதி பிளந்தே இருந்தது. மலாய் பேசும் பழைய செட்டிகள் குடியிருந்த சிட்டி கம்பத்துப் பெண் ஒருத்தி, “அப்பா ஹிலாங்?”, என்ன தொலைந்தது என்று மலாயில் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், பத்தர் வீட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் என்பதால் தங்கம்தான் என்று முடிவுகட்டி அவளும் குனிந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். “டேய், ரோடு போடச் சொன்னா முத்துப் பொறுக்குறியா? ரோலருக்குக் குறுக்க நின்னே, இன்னியோட உனக்கு வேல இல்ல!”

அதற்குள் பெரியவர் திரும்பி வந்து ரோலரில் ஏறிவிட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது. சரிவில் உருளாமலிருக்க முன்சக்கரத்துக்கு அவர் முட்டுக்கொடுத்திருந்த கல், தேங்காய் அளவு, உடைபடாதது. அதில் வெள்ளை வெளேரென்று முழு உருண்டைகள் கண் விழித்துப் பார்த்தன. கிளம்பினால் சக்கரம் முதலில் ஏறப்போவது அதன்மேல்தான். எஞ்சின் உறுமியது.

“பக்சிக், துங்கு! துங்கு!” பெரியவரே, பொறுங்கள் என்று கத்திக்கொண்டே சக்கரத்தின் முன் கைகளை விரித்து நின்றேன்.

பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு கல்லுக்காகவா சாகப் பார்த்தாய் என்று அதட்டினார். “குனோங் அப்பி, பக்சிக்!” எரிமலை என்று டீச்சர் கல்லைக் காட்டினார். பெரியவர் இறங்கி, ஒரு மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடைகொடுத்துவிட்டுக் கல்லைத் தாமே இழுத்தார். தொப்பியால் அதன் தூசியைத் தட்டி, டீச்சர் கையில் கொடுத்தார்.

“புக்கான் எமாஸ்?” தங்கம் இல்லையா என்று அந்தச் சிட்டி கம்பத்துப் பெண் ஏமாற்றத்தோடு கேட்க, மண்டோரைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

சொன்னபடியே அன்று மாலை மண்டோர் என்னை அனுப்பிவிட்டார். மீதி எரிமலை தாருக்கு அடியில் போய்விட்டது. பிறகு எத்தனையோ ஊர்களில் வயிற்றுக்காகக் கல் சுமந்திருக்கிறேன். ஆனால் கையில் எடுத்த எந்தக் கல்லையும் ஒருமுறை வெயிலில் திருப்பிப் பார்க்காமல் கீழே போட இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை.