மூன்று முறை துவட்டிய தலை

கிறிஸ்தவ வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நிபோங் திபாலிலிருந்து பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் போயிருந்தேன். பாதிரியார் பிள்ளையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். சளி பிடிக்குமே என்று மூன்று முறையும் முந்தானையால் துவட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா எல்லார் முன்னாலும் என் கையைத் தட்டிவிட்டார்.

"கொஞ்சம் ஈரமா இருக்கட்டும் லா, சம்பந்தி. ஃபாதர் ஊத்துற தண்ணி ஒண்ணும் செய்யாது."

ஈர முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் சுற்றிப் பார்க்க எல்லாருமாகப் பக்கத்திலிருக்கும் கொடிமலைக்கு மலை ரயிலேறினோம். உச்சியில் போட்டோவுக்கு நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. சம்பந்திதான் முதலில் அலறினார். தன் பட்டு முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினார்.

"கொஞ்சம் ஈரமா இருக்கட்டும், சம்பந்தி," என்றேன். "இது ஃபாதர்கூட இல்ல, உங்க ஆண்டவரே நேரா ஊத்துறது."