உப்பங்கழித் திட்டில் ஒரு கூடாரம்

சென்னையில் வேலை பார்த்த என் மாமா அந்தக் கோடை விடுமுறைக்கு வந்தபோது, காற்றடித்தால் விரியும் துடுப்புப் படகு ஒன்றை ஷேர் ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மீன்பிடிக்கிறவர்கள் வாழும் எங்கள் தெருவில் ரப்பர் படகு என்றால் சிரிக்காமல் இருப்பார்களா? மாமா கண்டுகொள்ளவில்லை. கல்பாக்கத்துக்குத் தெற்கே, உப்பங்கழியின் நடுவில் ஆளில்லாத ஒரு திட்டு உண்டு. அங்கே கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கவேண்டும் என்பது அவர் திட்டம். போனில் அந்தத் திட்டின் படத்தை விரலால் பெரிதாக்கி, அடுப்பை எங்கே மூட்டலாம், கூடாரத்தை எங்கே போடலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். பத்து வயதில் ஒருவர் நம்மிடம் ஆலோசனை கேட்டால் அவருக்காக உயிரையும் கொடுக்கலாம்.

அம்மா மட்டும், "வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?" என்றாள். மாமா படகுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

கூடாரம் வாங்கச் செங்கல்பட்டு போவதாகச் சொல்லிவிட்டு, இடம் பார்க்க என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். உச்சி வெயில். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. திட்டை நெருங்க நெருங்க ஒரு நாரைகூட இல்லை. துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

கோரைக்குள்ளிருந்து ஒரு குரல், "இன்னாடா தம்பி, இவ்ளோ நேரமா?" என்றது. கோபமில்லாத, சாதாரணக் குரல். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தவர் கேட்பதுபோல.

"யாரு மாமா அது?" என்றேன்.

மாமா படகைத் திருப்பினார். கரை வரும்வரை அவர் பின்னால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். காற்றில்லாத அந்த வெயிலில் கோரை அசைந்துகொண்டிருந்தது.

வீட்டில் நான்தான் உளறினேன். பொய் சொன்னதற்கு அடி விழும் என்று நினைத்தேன். அம்மா மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கொரலு எப்டி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதே கொரலுதான்க்கா. வயசே ஆவல."

மாமாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததும், இளம் வயதில் இறால் பிடிக்க அந்தத் திட்டுக்குப் போனவர் திரும்பி வராததும் நான் வளர்ந்த பிறகே எனக்குச் சொல்லப்பட்டன. எங்கள் பயணமும் நடக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மாமா சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் குரல் கேட்ட அன்று சாயங்காலம், மாமா படகின் காற்றை இறக்கப் போனபோது அம்மா தடுத்தாள். "நாளிக்கே போலாம். நானும் வரேன்" என்று உள்ளே போய் அரிசி, கருவாடு, தட்டு எல்லாம் எடுத்துவைத்தாள். நாங்கள் மூன்று பேர். தட்டு நான்கு இருந்தது. அவசரத்தில் தப்பாக எண்ணிவிட்டாள் என்று நினைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.