சாட்சி சொல்ல வந்த பிள்ளையும் ஜிம்மியும்

கடல் பொங்கிய மறு ஆண்டு. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால், பக்கத்து வீட்டு ரிஸ்னாவை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போக என்னைக் கேட்டார்கள். உம்மா, வாப்பாவைக் கடலில் இழந்த ஒன்பது வயதுப் பிள்ளை. வளர்க்க எடுத்த மாமாவே அவளுக்குச் சூடு வைத்த வழக்கு.

அகதி முகாமில் அவளோடு ஒட்டிக்கொண்ட நாய் நீதிமன்ற வாசல் வரை வந்துவிட்டது. அதன் எச்சில் உடுப்பில் பட்டால் எங்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும். ஊரும் சிரிக்கும். கல்லெறிந்து விரட்டினேன்.

உள்ளே மாமாவைக் கண்டதும் ரிஸ்னா நடுங்கினாள். மூன்று முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. நீதிபதி பத்து நிமிடம் அவகாசம் கொடுத்தார்.

"புள்ள கதைக்காட்டி திரும்ப அந்த வீட்டுக்குத்தான்," என்றார் எங்கள் பக்கச் சட்டத்தரணி.

ரிஸ்னா மெதுவாகக் கேட்டாள்: "ஜிம்மிக்கு ஏன் எறிஞ்சீங்க, ராத்தா?"

ஓடினேன். பஸ் நிலையத்தில் நின்ற நாயை இரு கைகளாலும் தூக்கி வந்தேன்.

"இவரும் சாட்சியா?" என்றார் வாசல் பொலிஸ்காரர்.

நீதிபதி சிரிக்கவில்லை. "கதவடியில் இருக்கட்டும்," என்றார். ரிஸ்னா அதைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வீட்டுக்கு அவள் திரும்பவில்லை.

இப்போதும் சாட்சி சொல்லப் போகும் பிள்ளைகளோடு நீதிமன்றம் போகிறேன். புறப்படுமுன், "எது பக்கத்துல இருந்தா பயமில்ல?" என்று கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை உம்மாவின் செருப்பைக் கேட்டது. பையில் வைத்துக் கொண்டுபோனேன்.