ஏலக்காட்டில் பெயர் கூப்பிடுபவர்

போடிநாயக்கனூரிலிருந்து அன்றாடம் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, போடிமெட்டு வழியே ஏலமலைக்கு ஏறும் ஜீப்புகளுள் ஒன்றில், ஓட்டுநர் முனியசாமிக்குப் பக்கத்து இருக்கை இருபத்திரண்டு ஆண்டுகளாக ராக்கையாவுக்கு உரியது. பின்னால் பன்னிரண்டு பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். அவர்களைக் காட்டுக்குள் நிரை நிரையாகப் பிரித்து அனுப்புவதும், மாலையில் பெயர் சொல்லி அழைத்து, ஒருத்தியும் குறையாமல் ஊர் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் கடமை. இத்தனை ஆண்டுகளில் ஒருத்தியைக்கூட அவர் மலையில் விட்டு வந்ததில்லை. அவர் தம் வாழ்நாளில் ஈட்டிய பெருமை அது ஒன்றே.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. காய் எடுப்பவள் அதன் அடியில் குந்தி, மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் காய்ச்சரத்தில் கை வைத்தாளானால், ஐந்தடி தூரத்தில் இருப்பவளுக்கும் அவள் தெரியமாட்டாள். பிற்பகல் மூன்று மணிக்குமேல் கோட இறங்கும்; மூடுபனிக்கு மலையில் வழங்கும் பெயர் அது. கோட இறங்கிவிட்டால் அங்கே பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'ஏ புள்ள', 'ஏ ஆத்தா' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெயரை உரக்கச் சொல்லும் உரிமை கூப்பிடுபவர் ஒருவருக்கே உண்டு. அவர் குரலுக்கு 'இந்தா' என்று விடை தந்துவிட்டு எழுந்து வரவேண்டும். வேறெந்தக் குரல் தன் பெயரைச் சொன்னாலும், இருந்த இடத்திலேயே குந்தி, ஏலத்தழை ஒன்றைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். வாய் தவறியும் விடை போய்விடாமல் இருப்பதற்கு அந்தத் தழை. அவ்வாறு அழைப்பது எது என்பதற்கு அவர்களிடம் பெயர் இல்லை. 'அது' என்பார்கள். 'அதுக்குத் தொண்டை உண்டு, கை கெடையாது' என்பார்கள். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ராக்கையாவின் நாவில் ரகரம் ஏறாது; றகரமும் அப்படியே. இரண்டும் லகரமாகவே வெளிப்படும். 'பேரு' என்ற சொல்லையே அவரால் சொல்ல முடியாதபோது, தம் பெயரை எங்ஙனம் சொல்வார்? ரேஷன் கடையில் கேட்டால் வாய் திறவாமல் அட்டையை நீட்டுவார். வாரம் என்று சொல்ல நேரும் இடத்தில் எட்டு நாள் என்பார். ஞாயிறு அவருக்கு லீவு நாள். சோற்றைச் சாப்பாடு என்பார். இரண்டு என்பதற்கு விரலைக் காட்டுவார். இப்படி அந்த எழுத்து வராத சொற்களாகத் தேடிக் கோத்து ஐம்பத்தாறு வயதுவரை அவர் பேசி வந்த திறம், யாப்பு கற்ற புலவனுக்கும் எளிதன்று. தன் பெயரில் அந்த எழுத்து இல்லாததால்தான் மனிதர் தன்னை மணந்தார் என்று அவர் மனைவி வேலுத்தாய் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மகளுக்கு முத்துப்பிரியா என்று பெயரிட்டது மாமியார். அவரோ இருபத்துநான்கு ஆண்டுகளாக 'முத்து' என்று பாதியோடு நிறுத்தி வந்தார்.

பெயர் கூப்பிடுவதில் மட்டும் ஒதுங்க வழியில்லை. வரிசையில் முதல் பெயர் மகாராணி; வயதில் மூத்தவள், அவர் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் உடன் வருபவள். அவளை அவர் 'மகாலாணி' என்றே அழைத்தார். சுந்தரம்மாள் சுந்தலம்மாள் ஆனாள். சுசித்ரா சுசித்லா ஆனாள். ஜீப்பில் வரும்போது பெண்கள் அவரைப்போலவே பேசிக் காட்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அடியார் நாக்குழறி அழைத்தாலும் இறைவன் அதனை ஏற்றுக்கொள்வான் என்பது நம் பெரியோர் துணிபு. அந்தப் பன்னிருவரும் அவ்வாறே ஏற்றுக்கொண்டு, பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள்.

சென்ற ஆண்டு மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கார்த்தி, தேவாரத்துக்காரன். நிச்சயத் தாம்பூலத்தன்று பெண்ணின் தகப்பன் சபையில் எழுந்து, மகளின் முழுப்பெயரையும் மாப்பிள்ளையின் முழுப்பெயரையும் சொல்லிச் சம்மதம் தரவேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக ராக்கையா நான்கு மாதம் லீவு நாள்தோறும் தேனிக்குப் போய், பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அமர்ந்தார். நாவில் குறையில்லை, சிறுவயதில் படிந்த பழக்கம்தான் என்று அவள் சொன்னாளாம். நுனி நாவை மேலண்ணத்தில் தட்டித் தட்டி, கொல்லையில் வாழைமரத்துக்கு முன் நின்று பயின்றார். ஆவணியில், சபை நடுவே, 'என் மகள் முத்துப்பிரியாவை' என்று அவர் தொடங்கியபோது மகள் குனிந்து அழுதாள். நிச்சயம் மாப்பிள்ளையின் ஊரில் நடந்ததால் மலைக்குப் போகும் பெண்கள் ஒருவரும் வரவில்லை.

நிச்சயம் முடிந்து திங்கட்கிழமை முதன்முறையாக மலை ஏறுமுன் வேலுத்தாய் கட்டுச்சோற்றை நீட்டியபடி சொன்னாள்: "மொதல்ல அந்தப் பொம்பளைககிட்டச் சொல்லிப்பிடுங்க. திடுதிப்புனு போயிக் கூப்பிட்டு நிக்காதீக."

அவர் கேட்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தம்மைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மாலையில் ஒரு வியப்புத் தரவேண்டும் என்ற ஆசை அவருக்கு. வழியெல்லாம் பழையபடியே சொல் ஒதுக்கிப் பேசி வந்தார்.

அன்று நண்பகலில் காவல்காரர் வந்து, கீழ்ச்சரிவு ஓடையில் யானை நிற்பதாகவும், நாலு மணிக்கே ஆட்களை ஏற்றிவிட வேண்டும் என்றும் சொல்லிப் போனார். நாலு மணிக்குக் கோட முழுவதுமாக இறங்கியிருந்தது. ராக்கையா வழக்கமான பாறைமேல் ஏறி நின்று, கையை வாயருகே குவித்து, முதல் பெயரைப் பிழையறச் சொன்னார்.

"மகாராணீ..."

விடையில்லை. தழைகளிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது. இரண்டாம் பெயரையும் மூன்றாம் பெயரையும் அழைத்தார். பன்னிரண்டையும் அழைத்து முடித்தார். அவர் குரல்தான், ஆனால் ஒவ்வோர் எழுத்தும் அதற்குரிய இடத்தில் திருத்தமாக நின்றது. காட்டுக்குள் சற்றுமுன் வரை கேட்ட வளையல் ஓசையும் இருமலும் அடங்கிவிட்டன. தாம் செய்தது இன்னதென்று அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. பன்னிரண்டு பேரும் தழையைக் கவ்விக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். இத்தனை சுத்தமாகத் தங்கள் பெயரைச் சொல்வது அவராக இருக்க முடியாது.

பழையபடி அழைத்துவிடலாம் என்று அவர் மூச்சு இழுத்தார். அதற்குள் கீழ்ச்சரிவிலிருந்து, ஓடைப்பக்கமாக, ஒரு குரல் எழுந்தது.

"மகாலாணீ..."

அவருடைய குரல். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பாறையிலிருந்து அவர் இழுத்த அதே இழுப்பு, அதே குழறல். பனிக்குள் எங்கோ மகாராணி தழையைத் துப்பிவிட்டு, "இந்தா வர்றேண்ணே" என்றாள். அவள் காலடிகள் சரிவில் இறங்கத் தொடங்கின.

ராக்கையா கத்தினார். திருத்தமாகக் கத்தியபோது, அதற்கு அஞ்சி அவள் நடை விரைந்தது. பழையபடி கத்தியபோதோ, மேலும் கீழும் ஒரே குரல் இரண்டாகி, யார் யாருக்கு எதிரொலி என்பதே புலப்படாமல் போயிற்று. கீழே இருந்தது நிதானமாக இரண்டாம் பெயரைத் தொடங்கியது. ஒரே குரலை இரு பக்கமும் கேட்ட மற்றவர்கள் எதற்கும் எழவில்லை.

அப்போது அவர் வாயை மூடிக்கொண்டார். காலையில் எவளுக்கு எந்த நிரை கொடுத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். பாறையிலிருந்து இறங்கி, செடிகளை விலக்கிக்கொண்டு முதல் நிரைக்குள் புகுந்தார். சுந்தரம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள், பல்லிடுக்கில் பச்சைத்தழை, கண்கள் அவர்மேல் நிலைத்திருந்தும் அவரைக் காணவில்லை. அவர் பேசாமல் அவள் தோளில் கை வைத்தார். ஏலக்கறை பிசுபிசுத்த வெதுவெதுப்பான கை அது. அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். பின் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த நிரையில் சுசித்ரா சுந்தரம்மாளின் முந்தானையைப் பிடித்தாள். இவ்வாறு ஒருத்தியைத் தொட்டு ஒருத்தியாகப் பதினொரு பேர், வாயில் தழையோடு, ஓசையின்றி அவர் பின்னால் சரிவில் இறங்கினார்கள். அவர்கள் கடந்து செல்கையில், அவரவர் பெயர் கீழிருந்து அழைக்கப்படுவதை அவரவரே கேட்டார்கள்.

ஓடைக்கரையில் மகாராணி நின்றிருந்தாள். அக்கரை தெரியவில்லை. வெண்மைக்குள் ஏதோ பெரிய உடம்பு நீரைக் கலக்கும் ஓசை கேட்டது. அதற்கும் அப்பாலிருந்து, இப்போது மிகத் தாழ்ந்து, மிகக் கனிந்து, "மகாலாணி" என்று வந்தது. ராக்கையா அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பவில்லை. அக்கரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அண்ணே, யாரோ என் தோளத் தொடுறாக."

அக்கரை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெயரையே மீண்டும் சொன்னது. அவள் இன்னொரு முறை கேட்டாள், யார் என்று. மீண்டும் பெயர் மட்டும் வந்தது. அதற்கு வேறு சொல் தெரியாது போலும். மகாராணி மெல்லத் தன் கையைத் தூக்கி, தோள்மேல் இருந்த கையை ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அதை இறுகப் பற்றிக்கொண்டு, கரையைவிட்டுப் பின்வாங்கினாள்.

மேலே ஜீப்பில் ஏறும்போது பன்னிரண்டு பேரையும் அவர் வாய் திறவாமல் விரலால் எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. ராக்கையா முன்னிருக்கையில் அமர்ந்ததும் முனியசாமி வண்டியைக் கிளப்பியபடி சொன்னான்: "ரெண்டு தடவ கூப்பிட்டீகளேண்ணே. மொதத் தடவ யாரோன்னு நெனச்சுட்டேன். ரெண்டாவதுதான் நீங்க."



அன்றுமுதல் ராக்கையா மலையில் யாரையும் அழைப்பதில்லை. மூன்று மணிக்கே புறப்பட்டு நிரை நிரையாக நடக்கிறார். பெண்கள் காய் எடுத்தவாறே ஒரு கையைப் பின்னால் நீட்டி வைத்திருக்கிறார்கள். அவர் தொட்ட பிறகே எழுகிறார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. மேலாளர் ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். அதை அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதோடு சரி.

ஐப்பசி முடிவில் ஒருநாள், ஜீப் போடிமெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டி, வளைவுகளில் இறங்கி, பனி முற்றும் விலகிய பிறகு, மகாராணி பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு மேல நின்னு என் பேரச் சரியாச் சொன்னது நீங்கதானாமே. ஒரு தடவ சொல்லுங்க, கேப்போம்."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மகாராணி." ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருந்தது. ஜீப்பில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மகாராணி, 'நல்லா இருக்கு' என்பதுபோல் தலையை அசைத்தாள். 'இந்தா' என்று சொல்லவில்லை.