கெட்டிமேளம் கேட்டதும் எழுந்தவன்

விமானி என்று சொன்னதும் சொந்தக்காரர்களின் முகம் மலரும். சரக்கு விமானி என்றதும் மலர்ந்தது பாதியில் நின்றுவிடும். "அப்ப டிக்கெட் எதுவும் குறைச்சு எடுத்துத் தர முடியாதா?" என்று என் பெரியம்மா மகன் ஒருமுறை கேட்டார். குதிரைகளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று வேண்டுமானால் விசாரிக்கிறேன் என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனிக்குக் கால அட்டவணை கிடையாது. யாருக்காவது எதையாவது அவசரமாக எங்கேயாவது அனுப்ப வேண்டியிருந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கிணற்றுக்கு ஒரு பம்ப், பந்தயக் குதிரைகள், பெட்டி பெட்டியாய் அலங்கார மீன்கள். போன் வந்த தொண்ணூறு நிமிடத்தில் நான் சிங்கப்பூரின் இன்னொரு கோடியில் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்குப் போய் நிற்க வேண்டும். போகும் இடம் அப்போதுதான் தெரியும். திரும்பும் நாள் அப்போதும் தெரியாது. அதனால் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை எப்போதும் தயாராக இருக்கும். உள்ளே குளிர்கோட்டும் அரைக்கால் சட்டையும் ஒன்றாகக் கிடக்கும்.

ஒருநாள் மீன் பொரிக்கிற சத்தத்தில் ஆபீஸ் அழைப்பைத் தவறவிட்டேன். அன்றே அந்த எண்ணுக்கு மட்டும் அழைப்பொலியாகக் கெட்டிமேளத்தை வைத்தேன். கல்யாணத்தில் ஐயர் விரலை ஆட்டியதும் நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக முழங்குமே, அதுதான். அது கேட்டால் என் கை தானாகப் பையைத் தேடும். சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்ததும் உண்டு.

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னைக் கணக்கில் சேர்ப்பதையே விட்டுவிட்டாள். உலையில் அரிசி போடுவதுகூட என்னைச் சேர்க்காமல்தான். தப்பித்தவறி வீட்டில் இருந்தால் எனக்கு ரொட்டி. விசேஷங்களில் என் இடத்துக்கு என் தம்பி. அவனுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. ஒரு பேருந்து இரண்டு நிமிடம் தாமதமானால் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். மகளின் பள்ளி ஆண்டு விழா, புக்கிட் பாத்தோக்கில் மாமியாரின் புதுவீட்டு விசேஷம், எந்தப் படத்தை எடுத்தாலும் நான் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கிறான். மகளின் பாலர் பள்ளி ஆசிரியை கடைசிவரை அவனைத்தான் அப்பா என்று நினைத்திருந்தார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அழைப்புகளில் பாதி என் ஓய்வு நாளில் வந்தவை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், "கேப்டன், உங்களை விட்டால் ஆளில்லை" என்று அந்தப் பக்கம் யாராவது ஆங்கிலத்தில் குழைந்தால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்வதற்கு நான் அங்கே இருந்தால்தானே.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதல் வேலையாக லீவு எழுதிக் கொடுத்தேன். கன்னிகாதானத்துக்கு நான்தான் உட்காருவேன் என்று வீட்டில் அறிவித்தேன். "சரி, உட்காருங்க. எதுக்கும் உங்க தம்பியையும் என்னென்ன செய்யணும்னு ஐயர்கிட்ட ஒருவாட்டி கேட்டு வச்சிக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி. எனக்கு எடுத்த அதே பட்டு வேட்டியில் அவனுக்கும் ஒன்று எடுத்திருந்தாள். எனக்கு வலித்தது. ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது?

சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். காலையிலேயே மனைவி என் போனைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். தம்பி இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். நான் மணவறையில் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தேன். மருதாணி சிவந்த கை. இந்தக் கை எப்போது இவ்வளவு பெரிதானது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி செம்பைச் சாய்த்துத் தண்ணீர் வார்த்தாள். ஐயர் மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டினார்.

கெட்டிமேளம்.

நான் எழுந்துவிட்டேன். மகளின் கையை விட்டுவிட்டு, மடியில் போனைத் துழாவிக்கொண்டு, கறுப்புப் பையைத் தேடி மூன்று எட்டு எடுத்து வைத்தும்விட்டேன். வேட்டி தடுக்கியபோதுதான் அது ஆபீஸ் அழைப்பில்லை, கல்யாண மேளம் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் என் இடத்தில் தம்பி! யாரும் அவனைக் கூப்பிடவில்லை. இத்தனை வருடப் பழக்கம், நான் எழுந்ததும் அவன் வந்து உட்கார்ந்துவிட்டான். மகளை நோக்கிக் கையைக்கூட நீட்டிவிட்டான். மண்டபமே சிரித்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தன் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, வேணாம் லா. அப்பா இங்கதான் இருக்காரு."

பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "வந்து உட்காருங்கப்பா. இன்னிக்காவது."

உட்கார்ந்தேன். ஐயர் ஒன்றும் நடக்காததுபோல மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். செம்பில் மறுபடி தண்ணீர் வந்தது. இரண்டாம் முறை மேளம் முழங்கியபோது, நான் எழுந்துவிடாமலிருக்க மகள் என் விரல்களை நசுக்கிப் பிடித்திருந்தாள். அவமானத்தில் அழுகிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மகள் இப்போது கணவனோடு பூன் லேயில் இருக்கிறாள். கெட்டிமேளத்தை அவள் எண்ணுக்கு மாற்றிவிட்டேன். ஆபீசுக்கு வெறும் மணி. போன வாரம் மேளம் முழங்கியது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வர்றீங்களாப்பா? உங்களுக்கும் சேத்து அரிசி போடட்டுமா?"

போடு என்றேன்.

ஞாயிறு காலை செருப்பை மாட்டும்போது ஆபீஸ் மணி அடித்தது. இன்னொரு கேப்டனுக்குக் காய்ச்சல், குதிரைகள் காத்திருக்கின்றன, என்னை விட்டால் ஆளில்லை. இன்று முடியாது என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண் திகைத்துப்போய்க் காரணம் கேட்டாள்.

"எனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டார்கள்" என்றேன்.

அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.