கடல் மீனுக்கு அம்மை

1963ஆம் ஆண்டு நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தூறல். சிறுமலை மேகத்துக்குள் போயிருந்தது. திண்டுக்கல் ரயில் நிலையத்தில், மதுரைப் பாசஞ்சரின் கார்டிடமிருந்து ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியை இரண்டு கையாலும் வாங்கினேன். ஜாடியின் வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது. உள்ளே கடல் தண்ணீர். அதில் இரண்டு மீன்கள். துணியை ஓரமாக விலக்கிப் பார்த்தேன். இரண்டுக்கும் உயிர் இருந்தது. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். செத்து வந்திருந்தால் அத்தோடு முடிந்துபோயிருக்கும்.

அப்போது நான் ஊரில் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். வயது இருபத்தெட்டு. தலைமையாசிரியராக இருந்த பாதிரியாரைச் சாமியார் என்போம். அவர் விஞ்ஞான அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். கடலையே பார்த்திராத பிள்ளைகள் படித்த பள்ளி அது. பழைய மாணவர் ஒருவருக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் வேலை. மாதம் ஒருமுறை வைக்கோல் சுற்றிய கண்ணாடிக் குடுவைகளில் கடல் தண்ணீர் அனுப்பி வைப்பார். “நம்மூருக் கெணத்துத் தண்ணியே உப்புதானே சார், இதுக்கு எதுக்கு ரயில் சார்ஜு?” என்று மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். ஆரஞ்சு நிறம், மூன்று வெள்ளைப் பட்டைகள், சுண்டுவிரல் நீளம். சாமியார் கண்ணாடியில் விரலை வைத்தால் அங்கே வந்து நிற்கும். இரண்டு வருடம் நான்கு மாதமாக உயிரோடு இருந்தது. அதற்கு முன்னால் அவரிடம் பதினொரு மீன்கள் இருந்தன. புதிதாக வந்த ஒன்றை வந்த அன்றே உள்ளே விட்டதில், ஒன்பது நாளில் பதினொன்றும் போய்விட்டன. அதை அவர் சொல்லும்போது குரல் தணிந்துவிடும்.

அந்த நவம்பரில் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ள மதுரைக்குப் போனார். போகும் முன் தொட்டியின் பக்கத்தில் என்னை நிறுத்திச் சொன்னார்.

“மண்டபத்திலருந்து ரெண்டு வருது. மூணு வாரம் தனியா வைங்க. அந்தத் தண்ணி ஒரு சொட்டு இதுல படக் கூடாது. அதைத் தொட்ட கையக் கழுவாம இதைத் தொடக் கூடாது. நான் வர்றப்ப இவன் இருக்கணும், வாத்தியாரே.”

“இருப்பான் சாமி” என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினார். உயிரோடு திரும்புவாரா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். இருந்தும் மீனைப் பற்றித்தான் பேசினார்.

பள்ளியில் வேறு தொட்டி கிடையாது. பௌதிக அறையில் பேட்டரிக்குப் பயன்பட்ட பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்று கிடந்தது. அதைப் பத்துத் தடவை கழுவி, நாகல் நகரில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். முன்னறையும் அடுப்படியும் மட்டுமே உள்ள வீடு. பெட்டியை முன்னறை ஜன்னலடியில் வைத்து, கடல் தண்ணீர் ஊற்றி, மீன்களை விட்டேன். ரயிலிலிருந்து இறக்கிய ஜதைக்கு என் மனைவி வெற்றிலையில் சூடம் சுற்றிக் காட்டினாள்.

“ஏங்க, இதுக ரெண்டும் புருசன் பொண்டாட்டியா?”

“தெரியாது.”

“இம்புட்டுப் படிச்சும் அது தெரியாதாக்கும்.”

காற்றுக்கு மோட்டார் எல்லாம் அந்நாளில் எங்களுக்கு எட்டாது. பள்ளித் தொட்டிக்கு ஒரு லாரி டியூப். அதில் பம்பால் காற்றடித்து, வால்வில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, குழாயை ஒரு கிளிப்பால் நெரித்துவிட்டால் தொட்டியின் அடியில் குமிழி குமிழியாக வரும். முழுக்க அடித்தால் ஒன்றரை நாள் தாங்கும். வீட்டுப் பெட்டிக்கு சைக்கிள் டியூப். அது ஆறு மணி நேரம்.

நான்கு நாள் ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செவுள் அசைவை எண்ணுவேன். நிமிடத்துக்கு எண்பது, எண்பத்தைந்து. வியாழக்கிழமை காலை சின்ன மீனுக்கு நூற்று முப்பது. தீனியை வாயில் வாங்கித் துப்பியது. பிறகு பெட்டியின் மூலைக்குப் போய், பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணாடியில் உடம்பைத் தேய்த்தது. மாடு மரத்தில் தேய்க்குமே, அப்படி. வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். முதுகுத் துடுப்பில் ரவை ஒட்டியது போல ஏழு வெள்ளைப் புள்ளிகள். மாலையில் பெரிய மீனுக்கும் வந்தது. சாமியார் சொன்ன பதினொரு மீன்களும் இப்படித்தான் தொடங்கினவாம். என் கையை மோந்து பார்த்தேன். உப்பு வாடை. அந்தக் கையோடுதான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். கார்பாலிக் சோப்பை எடுத்து முழங்கை வரை மூன்று முறை தேய்த்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா வந்திருக்கா.”

“அதெல்லாம் இல்லை. இது ஒரு கிருமி.”

“முத்து முத்தாப் போட்டிருக்கு, கிருமிங்கிறீக. சும்மா இருங்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் பள்ளிக்குப் போய், டியூபுக்குக் காற்றடித்து, பழைய மீனைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பினால், வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. அடுப்படியில் தாளிக்கவில்லை. வெஞ்சனம் கிடையாது, வெறும் கஞ்சியும் உப்பும்தான். “வீட்ல ஆத்தா இருக்கையில எண்ணெயக் காய விடலாமா?” என்றாள். வேப்பிலையை அவிழ்க்கக் கை நீட்டினேன். “கட்டுனத அவுக்காதீக. வவுத்துப் புள்ளைக்கு ஆகாது” என்றாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பயம் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. வாசலிலேயே உதவித் தலைமையாசிரியர் கையைக் குறுக்கே நீட்டினார். எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் இருந்தவர்.

“சார், அங்கனயே நில்லுங்க. உங்க வீட்ல வேப்பிலை கட்டியிருக்காமே. யாருக்கு?”

“மீனுக்கு சார்.”

அவர் முகம் மாறவில்லை.

“அறுநூறு புள்ளைக இருக்கிற எடம் சார் இது. வெளையாடாதீங்க. தாயாருக்கா, வீட்டம்மாவுக்கா?”

“சத்தியமா மீனுக்குத்தான். வந்து பாருங்க.”

“அம்மை வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்றீங்க. நல்லாயிருக்கு. முனிசிபாலிட்டில அம்மை குத்துறவருகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா அம்மை எறங்கி மூணாந்தண்ணி ஊத்தின பெறகு வாங்க.”

“உள்ளே தொட்டிக்குக் காத்து அடிக்கணும் சார். நேத்து சாயங்காலம் அடிச்சது. நாளைக் காலையோட தீந்துரும்.”

“அம்மை வீட்டுக் கை பட்ட பம்ப யாரு தொடுவா?” என்று சொல்லிவிட்டு அறைச் சாவியையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கையில் வாங்கவில்லை. தரையில் வைக்கச் சொல்லி, காகிதத்தால் எடுத்தார்.

அவர் செய்ததும் சாமியார் சொன்னதும் ஒன்றேதான் என்று வீட்டுக்கு நடக்கும்போது தோன்றியது. புதிதாக வந்தது எதையும் தொடாதே, தொட்ட கையை உள்ளே விடாதே. ஆனால் அந்தக் காவலுக்கு உள்ளே ஒரு மீனுக்குக் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. குமிழி எத்தனை மணிக்கு நிற்கும் என்று வழி முழுவதும் கணக்குப் போட்டேன். விடியற்காலை ஆறு.

எங்கள் தெருவில் அதற்குள் சேதி பரவிவிட்டது. பால்காரி செம்பைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மை குத்துகிறவரைத் தேடி முனிசிபாலிட்டிக்குப் போனேன். பூட்டியிருந்தது. அவர் வீடு யாருக்கும் தெரியவில்லை. தலையில் கை வைத்துத் திரும்பினால், மாலை ஐந்தரைக்கு அவரே எங்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

“எங்கய்யா நோயாளி?”

ஜன்னலடியைக் காட்டினேன். குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு தோல் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏம்ப்பா, இதுக்கு எங்க குத்துறது? வால்லயா?”

“சிரிக்காதீங்க ஐயா. எங்க வீட்ல யாருக்கும் அம்மை இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“எழுதுறேன். நீ குத்திக்கிட்டியா?”

சின்ன வயதில் குத்திய தழும்பைக் காட்டினேன். அது போதாது என்றார். இந்த வருடம் எல்லாருக்கும் குத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, “இந்தம்மாவுக்கு வேணாம். நீ கையக் காட்டு” என்றார். ஊசியின் கூர்முனையால் தோலைக் கீறினார். நான் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எழுதினார்: ‘இவ்வீட்டில் மனிதருக்கு அம்மை இல்லை.’

ஞாயிறு காலை அந்தச் சீட்டோடு உதவித் தலைமையாசிரியர் வீட்டில் போய் நின்றேன். அவர் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். திரும்பும் வரை நின்றேன். ஐம்பது நிமிடம். சீட்டை இரண்டு முறை படித்தார். ‘மனிதருக்கு’ என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். சாவி வந்தது.

அறையைத் திறந்தபோது குமிழிச் சத்தம் இல்லை. டியூப் தட்டையாகக் கிடந்தது. மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நிறம் வெளிறியிருந்தது. கைகழுவும் தொட்டிக்கு ஓடி முழங்கை வரை சோப்புப் போட்டேன். கழுவக் கழுவ நேரம் போகிறதே என்று இருந்தது. கழுவாமல் விட்டால் என்ன ஆகுமோ என்றும் இருந்தது. பிறகு ஒரு பீக்கரில் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். பம்பை எடுத்து அடித்தேன். கீறின கை வலித்தது. முதல் குமிழிகள் வந்தபோது மீன் இன்னும் மேலேதான் இருந்தது. அரை மணி கழித்து அடிக்கு இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வீட்டு மீன்களின் புள்ளிகள் முழுக்க உதிர்ந்தன. மனைவி மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைப் பெட்டியைச் சுற்றித் தெளித்து, வாசல் கொத்தை அவிழ்த்தாள். அன்று கடுகு வெடித்த சத்தம் கேட்டுத் தெருவே சமாதானமாயிற்று. “குணமாயிருச்சுல்ல, கொண்டுபோய் விட வேண்டியதுதானே” என்றாள். மூன்று வாரம் என்று சாமியார் சொன்னதை நினைத்துக்கொண்டு வைத்திருந்தேன்.

டிசம்பர் முதல் தேதி என் கையில் குத்திய இடத்தில் அம்மைப்பால் கொப்புளம் பழுத்துக் காய்ச்சல் அடித்தது. அன்று காலைதான் மீன்களில் புள்ளிகள் திரும்பின. முன்பு ஏழு இருந்த இடத்தில் இப்போது எண்ண முடியவில்லை. நான் எண்ண முடியாமல் விட்டது அந்த ஒன்றைத்தான். உதிர்ந்தது அடியில் கிடந்து பெருகி மறுபடி ஏறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். மனைவி பார்த்தால் மறுபடி வேப்பிலை கட்டுவாள், பள்ளிக் கதவு மறுபடி அடைபடும்.

சின்ன மீன் செவ்வாய்க்கிழமை இறந்தது. புள்ளி வந்த மீனை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டு எடுக்கலாம் என்று சாமியார் எப்போதோ சொல்லியிருந்தார். கடல் மீனை நல்ல தண்ணீரில் விடுவது கொலை போலத்தான் இருந்தது. சட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பெரிய மீனை விட்டேன். விட்டதும் அது ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இருநூறு எண்ணுவதாக இருந்தேன். நூற்று நாற்பதில் என்னால் முடியவில்லை, எடுத்துவிட்டேன். புதுக் கடல் தண்ணீரில் விட்டதும் மெல்ல நிமிர்ந்தது. மூன்று நாளைக்கு ஒரு தரம் பெட்டியைக் காயவைத்து, குடுவைகளில் மிச்சமிருந்த கடல் தண்ணீரை மாற்றி ஊற்றினேன். கடைசிப் புள்ளி டிசம்பர் ஒன்பதாம் தேதி போனது.

அதற்குள் ஒரு நாள் மதிய இடைவேளையில் பள்ளி மீனின் வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் தொட்டியின் முன்னே நின்றேன். மணி அடிக்கும் நேரத்தில் அந்தப் புள்ளி வாலை விட்டுப் பிரிந்து மேலே போய் உடைந்தது. காற்றுக் குமிழி. அன்று பிற்பகல் எந்த வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சாமியார் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் வந்தார். இளைத்துப்போயிருந்தார். ரிக்சாவிலிருந்து இறங்கி நேராக விஞ்ஞான அறைக்கு நடந்து, கண்ணாடியில் விரலை வைத்தார். மீன் வந்து நின்றது. வெகு நேரம் விரலை எடுக்கவில்லை.

“புதுசு?”

“ஒண்ணு போயிருச்சு சாமி. ஒண்ணு வீட்ல இருக்கு. புள்ளி போய்ப் பதினஞ்சு நாள் ஆச்சு.”

“இன்னும் ஆறு நாள் இருக்கட்டும்.”

“பத்து நாள் வைக்கிறேன் சாமி.”

அவர் திரும்பி என் கையில் காய்ந்திருந்த கொப்புளத் தழும்பைப் பார்த்தார். “இது என்ன?” என்றார். சொன்னேன். தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இதற்கெல்லாம் எனக்கு எவ்வளவு செலவு என்று கேட்டார். ஒன்றும் இல்லை சாமி என்றேன். கார்டுக்கு இரண்டு ரூபாய், குதிரை வண்டிக்கு முக்கால் ரூபாய், சோப்புக்கு ஒன்று பத்து, பழைய டியூப் ஓட்டையானதால் வேறு டியூபுக்கு ஐந்தரை, டீ வடைக்கு நாற்பது காசு, மனைவி அம்மனுக்கு நேர்ந்துகொண்ட மாவிளக்குக்கு ஒன்று அறுபத்துமூன்று. மொத்தம் பதினோரு ரூபாய் முப்பத்தெட்டு நயா பைசா.