ஓடாத காருக்குப் பிரேக்

அமிர்தசாமி வீட்டுக் கார் ஒன்பது வருஷமாக ஓடவில்லை. ஆனால் அவ்வளவு சுத்தமான பிரேக் உள்ள கார் திருச்சி ஜில்லாவிலேயே இன்னொன்று இருந்திருக்காது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பழைய காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தகரக் கொட்டகைக்குள் போவார். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மை இழுத்து வெளியே எடுப்பார். அடி கனத்த இரும்புச் சட்டி மாதிரி இருக்கும் அது. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல டிரம் என்றால் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டிருந்தால் சத்தம் எழும்பாது. காட்டூரில் அந்தத் தெருவுக்கே நாலு தடவை அது கேட்கும்.

"நிக்கிற வண்டிக்கு எதுக்கு சார் பிரேக்கு?" என்று எதிர்க்கடை ஜமால் பாய் ஒரு தடவை கேட்டுவிட்டார். அமிர்தசாமி கோபித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவுமில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் ஜமால் பாய் சனிக்கிழமைகளில் கடையை விட்டு வெளியே தலை காட்டுவதில்லை.

சத்தத்தைவிட மோசம், சத்தத்துக்குப் பிறகு வரும் பேச்சு. அதைக் கேட்கும் பாக்கியம் அவர் மனைவி பாக்கியமேரிக்கு மட்டுமே கிடைத்திருந்தது. டிரம்மை இரண்டு கையாலும் ஏந்தி, அதன் உள்பக்கத்தைக் கொட்டகை மூலைக்குக் காட்டி, தணிந்த குரலில் சொல்வார்: "பாருங்க அம்மாசி. கிரீஸ் இல்ல, எண்ணெய் இல்ல. அன்னைக்கு என் கை அழுக்கா இருந்துச்சு. அதாங்க அந்தப் பக்கம் திரும்புச்சு. இப்பல்லாம் கழுவிட்டுத்தான் தொடுறேன்."

மூலையில் யாரும் கிடையாது. ஆனால் பாக்கியமேரி இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மூலையைப் பெருக்கியதில்லை. விளக்குமாறு அதுவரைக்கும் போகும், பிறகு திரும்பிவிடும்.

அம்மாசியைக் கொன்றது அமிர்தசாமியின் கை இல்லை. அது பாக்கியமேரிக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

1958 செப்டம்பரில் நடந்தது. அமிர்தசாமி காலேஜில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தார். பழசாக வாங்கிய மோரிஸ் காரை ஒரு ஒர்க்‌ஷாப்புக்காரரையும் தொட விடமாட்டார். அந்தச் சனிக்கிழமை நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் போட உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தால் டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்துகிற பட்டைதான் லைனிங். மூன்று சக்கரம் முடித்து, டிரைவர் பக்கத்து முன்சக்கரத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

பாக்கியமேரி முந்தின வாரம்தான் வேளாங்கண்ணித் திருவிழாவிலிருந்து மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். அந்த வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் எண்ணெயில் ஒரு சிலுவை போடாமல் விடமாட்டாள். தையல் மெஷினுக்குப் போட்டிருந்தாள், அரிசிப் பானைக்குப் போட்டிருந்தாள். புருஷன் உயிரையே தாங்கப்போகிற பட்டைக்குப் போடாமல் விடுவாளா? கட்டைவிரலை எண்ணெயில் தோய்த்து, திறந்து கிடந்த சக்கரத்தின் இரண்டு பட்டையிலும் சிலுவை போட்டாள். தாராளமாகவே போட்டாள். கஞ்சத்தனம் பண்ணுகிற இடமா அது? பட்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டது. கறுத்த பட்டையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வந்து அப்படியே மூடி மாட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பினார்கள். காவிரிப் பாலம் இறங்கிச் சத்திரம் பக்கம் வரும்போது ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. அமிர்தசாமி பிரேக்கை அழுத்தினார். கார் நேராக நிற்பதற்குப் பதில் வெடுக்கென்று இடது பக்கம் திரும்பி ரோட்டோரம் பாய்ந்தது. அங்கே ஒருவர் மரவள்ளிக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

பச்சைமலைக்காரர், பெயர் அம்மாசி. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். அமிர்தசாமி கட்டிலோரத்தை விட்டு நகரவில்லை, பாக்கியமேரி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மாசி அழவில்லை, திட்டவில்லை. நினைவு வரும்போதெல்லாம் ஒன்றையேதான் கேட்டார். மாடு எதற்கு மிரண்டது என்று விசாரிக்கிற மாதிரி அக்கறையாகக் கேட்டார்.

"நேராத்தானேங்க வந்தீங்க. ஏங்க இந்தப் பக்கம் திரும்புச்சு?"

பதில் கிடைக்காமலே போய்ச்சேர்ந்தார். அவர் மனைவி காளியாயி வந்து உடம்பை மலைக்குக் கொண்டுபோனாள். போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துக்கொண்டது.

அமிர்தசாமிக்கு முடியவில்லை. காரை வீட்டுக்கு இழுத்துவரச் செய்து சக்கரங்களைத் திறந்து பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த லைனிங்ல எண்ணெய்ப் பசை இருக்கு பாரு. எண்ணெய் பட்டா இந்தச் சக்கரம் பிடிக்காது. அந்தப் பக்கம் மட்டும் பிடிச்சு வண்டியை இழுத்துடும். கிரீஸ் கையோட தொட்டிருக்கேன் போல. என் கைதான் மேரி."

பாக்கியமேரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குச் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் எப்படிச் சொல்வது? ஒரு மாதம் கழிந்தால் அது சொல்லாமல் விட்ட பாவமும் சேர்ந்து இரண்டாகிவிடுகிறது. இரண்டாம் வருஷம் தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். "கடவுள் மன்னிச்சுட்டாரும்மா" என்றார் அவர். "ஆனா உங்க வீட்டுக்காரர் உங்க பாரத்தையில்ல சுமக்குறாரு. அதை நீங்கதான் இறக்கணும்." தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் இன்னும் ஏழு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கோழை என்றுதான் சொல்ல வேண்டும், அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். காலேஜில் உராய்வுப் பாடம் வந்தால் அவர் வேறு ஒருவரை எடுக்கச் சொல்வதையும், சாப்பிட உட்காரும்முன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

1967 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பிரேக்கின் ஸ்பிரிங் தெறித்து அமிர்தசாமியின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். லைனிங்கைக் காட்டிய நாளுக்குப் பிறகு, ஒன்பது வருஷத்தில் அவளைக் கொட்டகைக்குள் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஒத்தைக் கையால மாட்ட முடியல மேரி. நான் ஸ்பிரிங்கை இழுக்கிறேன், நீ லைனிங்கை அமுக்கிப் பிடிச்சுக்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

மூன்று தடவை கழுவினாள். வந்து குனிந்தாள். அதே டிரைவர் பக்கத்து முன்சக்கரம், அதே வளைந்த பட்டை. கட்டைவிரல் பட்டைக்கு நேரே போய் நின்றுவிட்டது.

"கை சுத்தமாத்தானே இருக்கு?" என்றார் அமிர்தசாமி.

"இன்னைக்குச் சுத்தந்தாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொல்லிவிட்டாள். எண்ணெய், சிலுவை, இரண்டு பட்டை, அவர் சாப்பிடப் போன அந்த அரைமணி நேரம் எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூட இல்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

அமிர்தசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒம்பது வருஷமா அவருக்குத் தப்பான பதிலைச் சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? கேள்வி கேட்டது நானா?"

சொல்லிவிட்டு எழுந்து ஒதுங்கி நின்றார். அவருக்குப் பின்னால் மூலை தெரிந்தது. அங்கே இருப்பவரின் பெயரைப் பாக்கியமேரி அதுவரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.

"அம்மாசி ஐயா" என்றாள். "நான்தாங்க. நல்லதுக்குன்னுதாங்க போட்டேன்."

பதில் வரவில்லை. வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள், அதுதான் கொடுமை.

அடுத்த சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அமிர்தசாமி பாயை விரித்துப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்தது. பாக்கியமேரி கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, தனியாகக் கொட்டகைக்குப் போனாள்.